ஒற்றையா, இரட்டையா, எந்த மண்டலத்தில்? பிரிட்டனில் தீவிர சிகிச்சை மருத்துவப் பயிற்சி

பிரிட்டனில் தீவிர சிகிச்சை மருத்துவத்தில் நிபுணராக விரும்புபவர் மூன்று முடிவுகளை எடுத்தாக வேண்டும். இந்தத் துறையை மட்டும் படிப்பதா, இன்னொன்றையும் சேர்த்துப் படிப்பதா? சேர்ப்பதென்றால் எதை? எந்த மண்டலத்தில்? பெரும்பாலோர் முதல் கேள்வியிலேயே மாதக்கணக்கில் நிற்கிறார்கள், அதையும் "எத்தனை வருஷம் கூடும்" என்ற ஒரே கணக்கை வைத்து. ஒன்றரை, இரண்டு ஆண்டு என்பது அதைக் கடப்பவருக்குச் சிறிய காலம் இல்லைதான். ஆனால் அதற்குப்பின் 25, 30 ஆண்டு கன்சல்டன்ட் (மூத்த நிபுணர்) வேலை காத்திருக்கிறது. ஐசியூ பொறுப்பு இல்லாத வாரங்களில் நீங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள்? இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விடை கிடைத்தால் இணைத்துறை தெளிவாகிவிடும். இணைத்துறை தெளிந்தால் மண்டலத் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

எல்லோருக்கும் பொதுவான கட்டமைப்பு

தீவிர சிகிச்சை மருத்துவப் பீடம் 2010இல் உருவானது. 2012 முதல் இத்துறைக்குத் தனிச் சிசிடி, அதாவது பயிற்சி நிறைவுச் சான்று, உண்டு. அதற்குமுன் வேறொரு துறையின் சான்றோடு ஒட்டிக்கொண்டுதான் இது கிடைத்தது. இப்போது நடப்பில் இருப்பது 2021 ஆகஸ்டில் வந்த பாடத்திட்டம். பயிற்சி மூன்று கட்டம் (எஸ்டி என்பது சிறப்புப் பயிற்சி ஆண்டு, அதன் எண் எத்தனையாவது ஆண்டு என்பது): அடிப்படைப் பயிற்சியிலிருந்து எஸ்டி4 முடியும்வரை முதல் கட்டம், எஸ்டி5, எஸ்டி6 இரண்டாம் கட்டம், எஸ்டி7 மூன்றாம் கட்டம். துறைக்குள் நுழைவது எஸ்டி3இல். ஒற்றைச் சிசிடி எடுப்பவருக்கு நுழைந்ததிலிருந்து ஐந்து ஆண்டு.

முதல் கட்டம் முடிவதற்குள் ஐசியூவில் 12 மாதம், மயக்கவியலில் 12 மாதம், மருத்துவத்தில் (அதாவது அறுவை சாராத உள்மருத்துவத்தில்) 12 மாதம் முடித்திருக்க வேண்டும். மருத்துவத்தின் 12 மாதத்தில் 6 மாதம்வரை அவசர சிகிச்சைப் பிரிவாக இருக்கலாம். இந்த மூன்று பன்னிரண்டுகள்தான் மீதிக் கணக்கு அத்தனைக்கும் அடிப்படை. எந்த வாசல் வழியே வந்தாலும் ஏதோ ஒரு பாக்கியோடுதான் வருவீர்கள். மயக்கவியல் அடிப்படைப் பயிற்சியில் இருந்து நேராக வருபவருக்கு மருத்துவத்தில் ஒரு வருஷம் பாக்கி. மூன்றாண்டு உள்மருத்துவப் பயிற்சியான ஐஎம்டியில் இருந்து வருபவருக்கு மயக்கவியலில் ஒரு வருஷம் பாக்கி. ஏசிசிஎஸ் எனும் அவசர, தீவிர சிகிச்சை அடிப்படைப் பயிற்சி வழியாக வருபவர் முதல் இரண்டு ஆண்டுகளில் அவசர சிகிச்சை, மருத்துவம், மயக்கவியல், ஐசியூ என ஒவ்வொன்றிலும் ஆறு மாதம் இருந்திருப்பார். அவரது மருத்துவக் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஏசிசிஎஸ் முடித்து மயக்கவியலைத் தொடர்பவர்தான் ஆகக் குறைந்த பாக்கியோடு எஸ்டி3க்குள் காலெடுத்து வைக்கிறார். இன்னும் அடிப்படைப் பயிற்சியே தொடங்காதவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் கட்டத்தின் ஒரு வருஷம் சிறப்பு ஐசியூக்களுக்கு: நரம்பியல், இதயம், குழந்தைகள் என ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று மாதம். குழந்தைகள் ஐசியூவில் பலரும் தடுமாறுகிறார்கள், அதற்குக் காரணம் அளவு. பெரியவருக்குக் கைப்பழக்கத்தில் ஓடவிடும் 250 மில்லி சலைன், 3 கிலோ குழந்தைக்கு உடம்பில் இருக்கும் மொத்த ரத்தத்தின் அளவு. அங்கே ஒரு தடவை தருவது கிலோவுக்கு 10 மில்லி, அதாவது 30 மில்லி. அதையும் சிரிஞ்சில் எடுத்துக் கையால் தள்ள வேண்டும். மருந்துக் கணக்கை எடைக்கு எடை காகிதத்தில் எழுதிப் பார்க்கும் பழக்கத்தை அந்த மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

இரண்டாம் கட்டத்தின் மற்ற வருஷம் சிறப்புத் திறன் ஆண்டு. ஒற்றைச் சிசிடிக்காரருக்கு இது தன் விருப்பம்: எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்), எக்மோ (உடலுக்கு வெளியே ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் கருவி), மருத்துவமனைக்கு வெளியே தரும் அவசர சிகிச்சை, மருத்துவக் கல்வி, ஆய்வு எனப் பலவுண்டு. இரட்டைச் சிசிடிக்காரருக்கு இணைத்துறைப் பயிற்சியே அந்த ஆண்டின் கணக்கில் போய்விடும். இறுதித் தேர்வான எஃப்எஃப்ஐசிஎம்மை இரண்டாம் கட்டம் முடிவதற்குள் தேறினால்தான் எஸ்டி7க்குப் போக முடியும். முதலில் எழுத்துத் தேர்வு, அதைத் தாண்டினால் ஓஸ்கி எனும் செயல்முறைத் தேர்வும் வாய்மொழியும்.

ஒற்றைச் சிசிடி யாருக்கு

ஐசியூவை விட்டால் வேறெதிலும் மனம் ஒட்டாதவருக்கு. "இரண்டு துறை இருந்தால் பாதுகாப்பு" என்ற பயத்தில் மட்டும் இரட்டையை எடுப்பவர்கள் இணைத்துறை ரோட்டாவில் (பணிச் சுழற்சிப் பட்டியலில்) இருக்கும் ஆண்டுகளில் தேய்ந்துபோகிறார்கள். பாதியில் ஒன்றைக் கைவிடுபவர்களும் உண்டு. அப்படிக் கைவிடும்போது போன காலம் முழுதாகத் திரும்பி வராது.

ஒற்றையின் பெரிய லாபம் சிறப்புத் திறன் ஆண்டுதான். அதை வீணடிக்காதீர்கள். எக்கோவை எடுத்துக்கொண்டால், தீவிர சிகிச்சைச் சங்கத்தின் ஃபியூசிக் என்ற அல்ட்ராசவுண்ட் பயிற்சியின் இதயச் சான்றுக்கு 50 ஸ்கேன்கள் கண்காணிப்பாளரின் பார்வையோடு பதிவேட்டில் ஏற வேண்டும். எண்ணிக்கை பெரிதாகத் தெரியாது. ஆனால் பயிற்சி தரக்கூடிய ஒருவர் அதே மருத்துவமனையில் இல்லாவிட்டால் 50ஐ எட்ட ஒரு வருஷமும் போதாது. ஸ்கேன் எடுப்பது பத்து நிமிடம், அதைச் சரிபார்ப்பவரைப் பிடிப்பதற்குத்தான் பத்து நாள். எனவே அந்த ஆண்டுக்கு இடம் தேர்வு செய்யும்போது கருவியைப் பற்றிக் கேட்காமல் ஆளைப் பற்றிக் கேளுங்கள்.

ஒற்றையின் குறை வேலைச் சந்தையில் இருக்கிறது. பிரிட்டனின் ஐசியூக்களுக்கான ஜிபிக்ஸ் வழிகாட்டுதல்படி பகலில் ஒரு கன்சல்டன்ட் பார்க்கும் நோயாளிகள் 8 முதல் 12வரை. ஐசியூ ஆன்கால் பொறுப்பில் இருப்பவருக்கு அதே நேரத்தில் வேறு மருத்துவப் பொறுப்பு இருக்கக்கூடாது, அழைத்தால் 30 நிமிடத்தில் வந்து சேர வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் இது ஐசியூ மட்டும் பார்க்கும் கன்சல்டன்ட்களால் நிரம்பும். எட்டு, பத்துப் படுக்கை உள்ள மாவட்ட மருத்துவமனையில் ஐசியூ வேலை மட்டும் ஒருவரின் முழு வாரத்தை நிரப்புவதில்லை. அங்கே மீதி நாட்களை அறுவை அரங்கிலோ வார்டிலோ செலவிடக்கூடியவரைத் தேடுவார்கள். சிறு ஊரில் வாழ ஆசைப்படும் ஒற்றைச் சிசிடிக்காரர் இதை எஸ்டி6இல் கண்டுபிடிக்கக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. ஐசியூ வாரம் என்பது பல நாள் தொடர்ந்து பொறுப்பு, இரவு அழைப்பு, மரணத்தைப் பற்றிக் குடும்பத்தோடு பேசும் மாலைகள். 35 வயதில் இது பிடித்த வேலை. 55 வயதிலும் பிடிக்கும். ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது வேறு காற்றுப் படவேண்டும் என்று உடம்பு கேட்கும். ஒற்றைச் சிசிடிக்காரர் அந்த வேறு காற்றை எக்கோ, கல்வி, ஆய்வு, ஐசியூவில் இருந்து வீடு திரும்பியவர்களுக்கான தொடர் கிளினிக் போன்றவற்றில் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மயக்கவியலோடு சேர்த்து

பழைய பாதை, இன்றும் அதிகம் பேர் நடக்கும் பாதை. இதை எடுக்கச் சொல்ல எங்களுக்குத் தயக்கமே இல்லாத காரணம் மூச்சுப்பாதை. ஐசியூவில் ட்யூப் போடுவது அரங்கில் போடுவது போல இருக்காது. நோயாளியின் வயிறு நிறைந்திருக்கும், ரத்த அழுத்தம் ஊசலாடும், ஆக்சிஜன் கையிருப்பு சில நொடிகளுக்குத்தான். அந்தக் கை அரங்கில் வாரந்தோறும் பழகிக்கொண்டே இருக்க வேண்டிய கை.

ஒரு இடமாற்றத்தை எடுத்துக்கொள்வோம். கார்ன்வாலின் ட்ரூரோ மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கு மூளையைச் சுற்றிய சப்அரக்னாய்டு ரத்தக்கசிவோடு ஒருவர், வென்டிலேட்டரில். நரம்பியல் அறுவைப் பிரிவு இருப்பது ப்ளிமத்தில், சாலையில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஆக்சிஜன் நிமிடத்துக்கு 10 லிட்டர் செலவாகும் என்று வைத்தால் 90 நிமிடத்துக்கு 900 லிட்டர். தாமதத்துக்கு இரட்டிப்பாக 1,800. கையில் தூக்கும் சிடி சிலிண்டரில் இருப்பது 460 லிட்டர், 46 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆம்புலன்ஸின் எச்எக்ஸ் சிலிண்டரில் 2,300 லிட்டர், அது போதும். ஆனால் வார்டில் இருந்து வண்டிவரை, வண்டியில் இருந்து அடுத்த ஐசியூவரை சிடிதான் தாங்க வேண்டும். லிஃப்ட் நின்றுபோனால் இரண்டாவது சிடி இல்லாதவர் சிக்கிக்கொள்வார். கூடவே தலை 30 டிகிரி உயரத்தில், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 4.5 முதல் 5 கிலோபாஸ்கலுக்குள், பம்புகளின் பேட்டரி முழுதாக, மூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் அலை கண்முன்னே. இந்த வேலையை முதல் கட்டம் முடித்த யாரும் செய்யலாம். ஆனால் வண்டி ஒரு வளைவில் திரும்பும்போது ட்யூப் நகர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வி மயக்கவியல்காரரின் தூக்கத்தைக் கெடுப்பதில்லை.

விலை என்ன? மயக்கவியல் இறுதித் தேர்வான எஃப்ஆர்சிஏவை எஸ்டி5 முடிவதற்குள் தேற வேண்டும். எஃப்எஃப்ஐசிஎம்மும் அருகிலேயே நிற்கிறது. இரண்டையும் ஒரே பருவத்தில் எழுத முயல்பவர்கள் இரண்டிலும் அடிபடுகிறார்கள். உடலியங்கியல், மருந்தியல், ஐசியூ பாடம் இரண்டிலும் கலந்து வருவதால் முதலில் எஃப்ஆர்சிஏ, அந்த ஞாபகம் ஆறுமுன் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் எஃப்எஃப்ஐசிஎம் என்று வைத்துக்கொள்வதே நடைமுறையில் சிறந்தது. எஃப்எஃப்ஐசிஎம் ஓஸ்கியில் மயக்கவியல்காரர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் மருத்துவப் பகுதியில்: கல்லீரல் செயலிழப்பு, வாதநோய்ப் பின்னணியில் வரும் நுரையீரல் பாதிப்பு, விஷமுறிவு. மருத்துவத்தில் பாக்கி இருந்த அந்த ஒரு வருஷத்தை "எப்படியாவது ஓட்டிவிடுவோம்" என்று கடந்தவர்கள் இங்கே அதைக் கட்டுகிறார்கள்.

மருத்துவத் துறைகளோடு சேர்த்து

அக்யூட் மருத்துவம் (அவசரமாகச் சேரும் நோயாளிகளைப் பார்க்கும் உள்மருத்துவம்), நுரையீரல், சிறுநீரகம் என மூன்று வாய்ப்புகள் நன்கு நிலைபெற்றவை. மூன்றும் பொது உள்மருத்துவத்தோடு கட்டுண்டவை, ஆகவே சொல்வதுதான் இரட்டை, கையில் வருவது மூன்று சான்று. பொது மருத்துவ ரோட்டா பசியோடு இருக்கும் ரோட்டா. மருத்துவப் பதிவாளராக (கன்சல்டன்ட்டுக்குக் கீழுள்ள மூத்த பயிற்சி மருத்துவராக) இரவு முழுக்கப் புதிய நோயாளிகளைச் சேர்க்கும் மாதங்கள் ஐசியூ கனவில் வந்தவருக்கு நீளமாகத் தெரியும்.

நுழைய உள்மருத்துவர்களுக்கான எம்ஆர்சிபி தேர்வு முழுதாக வேண்டும். அதாவது இரண்டு எழுத்துப் பகுதிகளும் பேசஸ் எனும் செயல்முறைத் தேர்வும். பிறகு துறைச் சான்றுத் தேர்வு ஒன்று உண்டு. ஆனால் அதைச் சிசிடிக்கு முன் முடித்தால் போதும் என்பதால், மயக்கவியல் வழியைப் போல எஸ்டி5இல் கழுத்தை நெரிக்காது. தேர்வு நெருக்கடியை மட்டும் பார்த்தால் இது இலகுவான வழி.

கடினம் வேறிடத்தில். ஐஎம்டியில் ஐசியூ அனுபவம் குறைந்தது பத்து வாரம்தான். மயக்கவியலில் அநேகமாக ஒன்றுமில்லை. எனவே அந்த 12 மாத மயக்கவியல் இவர்களுக்கு உயிர்நாடி. முதல் மூன்று மாதம் சொச்சம் ஒரு மூத்தவர் எப்போதும் கூடவே இருப்பார். அதன் முடிவில் ஆரம்பத் திறன் மதிப்பீட்டைத் தேறினால்தான் கொஞ்சம் தள்ளி நின்று மேற்பார்வை செய்வார்கள். உண்மையான கற்றல் அதற்குப்பின் வரும் ஒன்பது மாதத்தில்: இரவில் அவசர அறுவை, ட்யூப் போவதில் சிரமமான தொண்டை, மகப்பேறு. அந்த ஆண்டை ஆறு ஆறு மாதமாக இரண்டு மருத்துவமனைகளில் உடைத்துத் தரும் ஏற்பாடு சில இடங்களில் உண்டு. கூடுமானவரை அதைத் தவிருங்கள். இரண்டாவது மருத்துவமனையில் புதிய முகமாக முதல் ஆறு வாரம் மறுபடி கண்காணிப்பிலேயே போகும், ஒரு வருஷத்துக்கு எட்டு மாதத்தின் பலன்தான் மிஞ்சும்.

மூன்றில் எது? வேலை எல்லா ஊரிலும் கிடைக்க வேண்டும் என்றால் அக்யூட் மருத்துவம். நுரையீரல் துறை ஐசியூவோடு இயல்பாகப் பொருந்துகிறது: மாஸ்க் வென்டிலேஷன், பிராங்கோஸ்கோபி, வென்டிலேட்டரில் இருந்து நெடுநாள் விடுபட முடியாதவர்கள், வீட்டில் வென்டிலேட்டரோடு வாழ்பவர்கள். ஐசியூவில் தொடங்கிய கதையைக் கிளினிக்கில் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு இந்தச் சேர்க்கைக்குத்தான் அதிகம். எங்கள் மனம் இங்கே சாய்கிறது.

சிறுநீரகத் துறை அறிவுக்கு விருந்து. தொடர் டயாலிசிஸில் மணிக்குக் கிலோவுக்கு 20 முதல் 25 மில்லி என்ற அளவு, 80 கிலோ ஆளுக்கு மணிக்கு 2 லிட்டர்வரை போகிறது. அந்த எண்ணை எழுதிவிடுவது எளிது. வடிகட்டி அடைத்துக்கொண்டு நாளில் ஐந்து மணி நேரம் நின்றால் நோயாளிக்கு உண்மையில் சேர்ந்தது எவ்வளவு என்று யோசிப்பவர்தான் ஐசியூவுக்கு வேண்டியவர். ஆனால் இரண்டையும் சேர்த்த கன்சல்டன்ட் பதவி பெரிய சிறுநீரக மையங்களைச் சுற்றியே அமைகிறது. ஊர்த் தேர்வு குறுகும்.

அவசர சிகிச்சையோடு சேர்த்து

வேகம் பிடித்தவர்களுக்கான சேர்க்கை. மருத்துவமனைக்கு வெளியே தரும் சிகிச்சைக்குப் போக விரும்புபவருக்குச் சரியான தளமும்கூட. ஒரே எச்சரிக்கை: இரண்டு துறைகளும் மாலை, இரவு, வார இறுதிகளிலேயே வாழ்பவை. மயக்கவியலில் பகல் அரங்கு இருக்கிறது, நுரையீரலில் கிளினிக் இருக்கிறது. இங்கே இளைப்பாறும் நிழல் குறைவு. கன்சல்டன்ட் ஆன பிறகு வேலை ஒப்பந்தத்தில் இரண்டு ரோட்டாக்களின் வார இறுதிகளும் ஒன்றாகக் கூட்டப்பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மண்டலம்: வரைபடத்தை விரித்து வையுங்கள்

இரட்டைச் சிசிடிக்கு இரண்டு துறைகளுக்கும் தனித்தனியே போட்டியிட்டுத் தேர்வாக வேண்டும், இரண்டும் ஒரே மண்டலத்தில் இருக்க வேண்டும். முடிவுகளின் வரிசையையே இந்த விதி மாற்றிவிடுகிறது. ஐசியூ இடம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து ஒரு மண்டலத்துக்குப் போனபின், அங்கே உங்கள் இணைத்துறையில் அடுத்த ஆண்டு இடமே சொற்பம் என்று தெரிந்தால் ஒற்றையோடு நிற்க வேண்டியதுதான். மண்டலம் விட்டு மண்டலம் மாறுவது பராமரிப்புப் பொறுப்பு போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டுமே, அதுவும் அங்கே காலியிடம் இருந்தால்தான்.

அடுத்தது எஸ்டி5 எங்கே நடக்கும் என்ற கேள்வி. நரம்பியல், இதயம், குழந்தைகள் ஐசியூக்கள் மூன்றும் எத்தனை ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன என்பதைப் பொறுத்தது வீட்டு நிம்மதி. வெசெக்ஸ் மண்டலத்தில் சௌதாம்ப்டன் பொது மருத்துவமனை ஒன்றிலேயே மூன்றும் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ராட்க்ளிஃபும் அப்படியே. செவெர்ன் மண்டலத்தில் மூன்றும் பிரிஸ்டல் நகருக்குள், ஆனால் நரம்பியல் மட்டும் சௌத்மீடில். நியூகாசிலில் ராயல் விக்டோரியாவும் ஃப்ரீமனும் பிரித்துக்கொள்கின்றன. இரண்டுக்கும் இடையே சில மைல்தான். கிழக்கு இங்கிலாந்தில் இதயத்துக்கான ராயல் பாப்வர்த் 2019இல் கேம்பிரிட்ஜில் ஆடன்புரூக்ஸ் வளாகத்துக்கே குடிபெயர்ந்தது. அதற்குமுன் அது நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில் இருந்தது. எஸ்டி5ஐப் பொறுத்தவரை அந்த மண்டலம் இப்போது எவ்வளவோ வசதி. ஆனால் அதே மண்டலத்தின் மற்ற ஆண்டுகள் நாரிச்சிலோ சௌதெண்டிலோ விழலாம். கேம்பிரிட்ஜில் இருந்து நாரிச் அறுபது மைலுக்கு மேல். பனிக்கால நைட் டியூட்டி முடிந்து ஓட்டக்கூடிய தூரம் அல்ல அது.

பெனின்சுலா இதற்கு நேரெதிர் சோதனை. ட்ரூரோ, ப்ளிமத், டார்பே, எக்ஸிடர், பார்ன்ஸ்டபிள் என்று நீளும் மண்டலம். நரம்பியலும் இதயமும் ப்ளிமத்தில், குழந்தைகள் ஐசியூவுக்குப் பிரிஸ்டல். எக்ஸிடரில் வீடு எடுத்தவருக்கு எண்பது மைல் பயணம். மூன்று மாதத்துக்குப் பிரிஸ்டலில் அறை எடுத்துக்கொள்வதே வழி. ஆனால் சிறிய மண்டலத்தின் நன்மையையும் சொல்ல வேண்டும். பயிற்சி இயக்குநருக்கு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தெரியும், எஸ்டி7இல் உங்களோடு வேலை செய்பவர்களே அடுத்த ஆண்டு உங்களைக் கன்சல்டன்ட்டாகத் தேர்ந்தெடுப்பவர்களாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

லண்டனில் ஐசியூவின் எல்லா மூலைகளும் உண்டு: குயின் ஸ்கொயரின் நரம்பியல், கிரேட் ஆர்மண்ட் தெருவின் குழந்தைகள் மருத்துவமனை, செயின்ட் பார்த்தலோமியூவின் இதயம், செயின்ட் தாமஸிலும் ராயல் பிராம்ப்டனிலும் எக்மோ. மாறிமாறி வேலை பார்த்தாலும் வீடு மாற்ற வேண்டியதில்லை. வாடகைதான் மிரட்டும். பிள்ளைகள் பள்ளியில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். எக்மோதான் இலக்கு என்றால் லண்டனுக்கு வெளியே பாப்வர்த், லெஸ்டரின் க்ளென்ஃபீல்ட், மான்செஸ்டரின் விதன்ஷா, ஸ்காட்லாந்தில் அபர்டீன் ஆகியவையும் இருக்கின்றன.

ஸ்காட்லாந்து நான்கு மண்டலங்களாகப் பிரிந்தது. கிளாஸ்கோவில் நரம்பியலும் குழந்தைகளும் குயின் எலிசபெத் வளாகத்தில், இதயம் கிளைட்பேங்கின் கோல்டன் ஜூபிலியில். வட அயர்லாந்தில் எல்லாம் பெல்ஃபாஸ்டைச் சுற்றி. வேல்ஸ் முழுவதும் ஒரே மண்டலம். கார்டிஃபுக்கும் வடக்கே பாங்கருக்கும் இடையே மலைகள் கிடப்பதை ரயில் கால அட்டவணையே சொல்லிவிடும்.

பகுதிநேரமாகப் படிக்க நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். 80 சதவீத நேரத்தில் ஐந்து ஆண்டு ஆறேகால் ஆண்டாகிறது. அது எல்லோரும் போடும் கணக்கு. 60 சதவீதத்தில் மூன்று மாதக் குழந்தைகள் ஐசியூ ஐந்து மாதமாகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். மூன்று மாதச் சக்கரத்தில் ஓடும் ரோட்டாவில் ஐந்து மாத ஆள் பொருந்துவதற்கு முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்ய வேண்டும், ஆறு மாதம் முன்பாவது.

பயிற்சிக்குள் போகாமல்: போர்ட்ஃபோலியோ வழி

இந்தியாவிலோ இலங்கையிலோ எம்டி முடித்து அனுபவத்தோடு வருபவர்களுக்கு எஸ்டி3இல் புதிதாகத் தொடங்குவது மட்டுமே வழியில்லை. முன்பு செசர் எனப்பட்ட நிபுணர் பதிவு வழி 2023 நவம்பர் முதல் போர்ட்ஃபோலியோ வழி என்று பெயர் மாறியிருக்கிறது. முன்பு சிசிடிக்கு நிகர் என்று காட்ட வேண்டும். இப்போது பிரிட்டனில் நிபுணராகப் பணிபுரியத் தேவையான அறிவு, திறன், அனுபவம் இருப்பதாகக் காட்ட வேண்டும். வீடு மாற்றம் இல்லை, ஒரே மருத்துவமனையில் இருக்கலாம், பதிவாளர் நிலைச் சம்பளம் தொடரும்.

ஆனால் பயிற்சித் திட்டம் தட்டில் வைத்துத் தருவதை இங்கே நீங்களே தேடி அலைய வேண்டும். மூத்த மயக்கவியல் நிபுணர்களே மாட்டிக்கொள்வது இரண்டு இடங்களில்: குழந்தைகள் ஐசியூ ஆதாரம், மருத்துவ வார்டு ஆதாரம். இருபது ஆண்டு வென்டிலேட்டர் அனுபவம் அந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்காது. அந்தப் பிரிவுகளில் மூன்று மாத இணைப்புப் பணிக்குத் தன் மருத்துவமனையிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கிய பிறகே வேலையை ஏற்பது நல்லது. "சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்வார்த்தை ரோட்டாவில் ஆள் குறைந்த முதல் மாதத்திலேயே காணாமல் போகும். ஆதாரங்களில் நோயாளியின் பெயர், எண் எல்லாம் மறைக்கப்பட்டிருக்க வேண்டும். பதிவேட்டை ஒரு கன்சல்டன்ட் உறுதி செய்திருக்க வேண்டும். பழைய ஆதாரத்துக்கு எடை குறைவு என்பதால் வந்த நாளில் இருந்தே, வழக்கு விவாதங்களையும் செயல்முறை மதிப்பீடுகளையும் மாதம் இரண்டு என்று சேர்த்துவருவதே ஒரே தந்திரம்.

இரண்டு ஆண்டு மட்டும் வந்து கற்றுவிட்டு ஊர் திரும்ப எண்ணுபவருக்கு, வெளிநாட்டு மருத்துவர்களுக்கான எம்டிஐ பயிற்சித் திட்டம் போதும், அதிகபட்சம் 24 மாதம். அதில் சிசிடி கிடையாது. இதைத் தெரிந்தே வருபவர் திருப்தியோடு திரும்புகிறார்.

விண்ணப்பிக்கும் நேரத்தில்

எஸ்டி3 தேர்வு நாடு முழுமைக்கும் ஒன்றாக, ஓரியல் என்ற இணைய விண்ணப்பத் தளத்தின் வழியே நடக்கிறது. இடங்களை நீங்கள் விருப்ப வரிசையில் அடுக்குகிறீர்கள். பிரபலமான இரண்டு மண்டலங்களை மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவது ஒரு தவறு. போகவே முடியாத இடங்களையும் சேர்த்து அடுக்கிவிட்டு, கிடைத்ததும் மறுப்பது அதைவிடப் பெரிய தவறு. வரிசையில் வைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் "இது மட்டும் கிடைத்தால் ஆகஸ்டில் பெட்டி கட்டுவேனா" என்று வீட்டில் உள்ளவர்களோடு சேர்ந்து கேட்டுப் பாருங்கள். இணைத்துறை வேண்டுபவர்கள், இரண்டில் எது கிடைப்பது கடினமோ அதன் இடங்கள் எந்த மண்டலத்தில் அதிகம் என்று பார்த்து வரிசையை அமைக்க வேண்டும்.

முடிவெடுக்குமுன் அந்த மண்டலத்தில் இப்போது எஸ்டி5, எஸ்டி6இல் இருப்பவர் ஒருவரோடு அரை மணி நேரம் பேசுங்கள். இயக்குநர் சொல்வது திட்டம், இவர் சொல்வது நடப்பு. கேட்க வேண்டியவை: கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை தடவை வீடு மாறினீர்கள்? மயக்கவியல் ஆண்டு ஒரே இடத்திலா? அடுத்த பணியிடம் எங்கே என்று எத்தனை வாரம் முன்பு சொல்கிறார்கள்? எஃப்எஃப்ஐசிஎம்முக்கு மண்டலத்திலேயே மாதிரி ஓஸ்கி நடக்கிறதா, அதற்கு டியூட்டியில் இருந்து விடுவிக்கிறார்களா? இரட்டைச் சிசிடியில் இருப்பவரை ஐசியூ மாதத்தில் இணைத்துறை ரோட்டாவின் ஓட்டையை அடைக்க இழுக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொல்லுமுன் சற்றுத் தயங்கினால், அந்த மண்டலத்தில் இன்னும் இரண்டு பேரிடம் அதையே கேளுங்கள்.